கவுச்சி இல்லாத கடல்

டெல்சி கோயம்புத்தூருக்குக் குடிவந்த மறுநாள் காலையில், வடவள்ளிப் பக்கம் இருந்த ஒரு பூங்காவின் செம்மண் பாதையில் ஓடத் தொடங்கியபோது, அவள் கால் பதிந்த இடமெல்லாம் தண்ணீர் ஊறி நின்றது. மழை பெய்து நாளாகியிருந்தது, பாதைக்கு அடியில் குழாய் ஏதும் ஓடவில்லை, அவள் ஷூவிலும் ஈரமில்லை. ஆனாலும் இடது கால் எழுந்ததும் இடது தடம் நிறைந்தது, வலது கால் எழுந்ததும் வலது தடம் நிறைந்தது, ஒரு சுற்று முடித்து அவள் திரும்பிப் பார்த்தபோது பூங்காவைச் சுற்றிலும் சின்னச் சின்னக் கண்ணாடிகளைப் பதித்து வைத்தமாதிரி தடங்கள் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தன. அது என்ன தண்ணீர் என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தது கனகசபாபதிதான்.

கனகசபாபதி பஞ்சாலை ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், அந்தப் பூங்காவில் காலையில் நடக்கிறவர்களுக்கெல்லாம் யாரும் தேர்ந்தெடுக்காமலேயே தலைவரானவர். அவர் குனிந்து விரலை நனைத்து வாயில் வைத்தார்.

"ஏனுங்கம்மிணி, இது கடல்தண்ணியாட்டம் இருக்குதுங்களே."

"அப்படிங்களா?" என்றாள் டெல்சி.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"திருநெல்வேலிப் பக்கம்."

திருநெல்வேலிப் பக்கம் என்றால் அதில் எவ்வளவோ ஊர்கள் அடங்கும். அவளுடைய ஊர் சிலுவைக்கரை, திருச்செந்தூரையும் தாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற சிறு மீனவக் குப்பம். அப்பா கடலில் போனவர், அண்ணன் சந்தியாகு கடலில் போகிறவன், அம்மா இருந்தவரைக்கும் கருவாடு காயவைத்துக் கூடையில் சுமந்து விற்றவள். படிக்கப் போன விடுதியில் முதல் நாள் டெல்சி தன் பெட்டியைத் திறந்தபோது பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். அன்றிலிருந்து அவள் துணியை இரண்டுமுறை துவைக்கிறவளாக, ஆளோடு பேசும்போது ஒரு எட்டு தள்ளி நிற்கிறவளாக, ஊர்ப்பெயரைக் கேட்டால் மாவட்டத்தின் பெயரைச் சொல்கிறவளாக ஆனாள்.

மற்ற எதற்கும் அவள் கூசியதில்லை. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை வீடு தேடிப்போன இடத்திலெல்லாம் நிமிர்ந்து சொன்னாள். தனியாளுக்கு வீடு தருவதில்லை என்று கதவைச் சாத்தினவர்களிடம் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டினாள். கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. நாளெல்லாம் யார் யாரையோ நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். காலையில் ஓட்டம், சாயங்காலம் பூப்பந்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிறுவாணி ரோட்டில் வீடுகள் தீர்ந்துபோகிற தூரம்வரை ஒரு சவாரி. இந்த வாழ்க்கை அவளுக்குப் பிடித்திருந்தது. கடைசியில் மாடி வீட்டைக் கொடுக்கச் சம்மதித்த ருக்மணியம்மாளும் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். அடுத்த கேள்வியில்தான் டெல்சி சறுக்கினாள்.

"நாங்க கவுச்சி புழங்கறதில்லீங். நீங்க எப்படி?"

"நானும் சாப்பிடறதில்லைங்க."

"அப்பா என்ன பண்றாருங்க?"

"பிசினஸ். இப்ப இல்லை, இறந்துட்டார்."

இறந்துபோனது மட்டும் உண்மை.

தடங்களில் கடல் ஊறுகிற சமாச்சாரத்தை அந்தப் பகுதி ஒரே மாதத்தில் பழகிக்கொண்டது. மாநகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து, குடிதண்ணீர்க் குழாயில் கசிவு இல்லை, ஆகவே இது தங்கள் துறையைச் சேர்ந்த விஷயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பாதையோரப் புல் கருகியதைப் பார்த்துத் தோட்டக்காரர் கொஞ்சநாள் முணுமுணுத்தார், பிறகு புல்லைச் செதுக்கிவிட்டுத் தென்னங்கன்று வைத்தார். மூட்டுவலிக்காரர்கள் டெல்சி ஓடிப்போன பின்னாலேயே வந்து தடத்துக்கு ஒரு காலாக முக்கிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் தடங்களுக்குள் விரல்விட்டு நகமளவு நண்டுகளைப் பிடித்து டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டார்கள். மத்தியான வெயிலில் தண்ணீர் வற்றி உப்புப் பூத்தபோது பெண்கள் தேங்காய்த் தொட்டியால் சுரண்டிக்கொண்டு போனார்கள். அந்த உப்பில் போட்ட மாங்காய் ஊறுகாய் பூஞ்சை பிடிப்பதே இல்லை என்று ருக்மணியம்மாள் தெரு முழுக்கச் சொன்னாள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போக முடியாதவர்கள் அன்று விடிகாலையிலேயே எள்ளும் தர்ப்பையுமாக வந்து பாதையோரம் உட்கார்ந்துவிட, புரோகிதர் டெல்சியைப் பார்த்து, "கொஞ்சம் மெதுவா ஓடுங்கோம்மா, தடம் ஆழமா விழட்டும்" என்று கேட்டுக்கொண்டார். நடப்பவர்கள் குழுவுக்கு அலை படம் போட்ட பனியன் அடிக்கப்பட்டது. முதல் பனியனை டெல்சிக்குக் கொடுத்தார்கள்.

இவ்வளவையும் விட அவர்கள் மெச்சிக்கொண்டது வேறொன்றை. அந்தக் கடலில் வாடையே இல்லை.

"நான் மெரினா போயிருக்கறனுங்க, தூத்துக்குடி போயிருக்கறனுங்க," என்பார் கனகசபாபதி. "போற எடத்துல எல்லாம் அந்த மீன் நாத்தம் குடலைப் புரட்டும். இதப் பாருங்க, பன்னீராட்டம் இருக்குது. சுத்தமான கடல்னா இதுதானுங்க."

எல்லோரும் தலையாட்டுவார்கள். டெல்சியும் ஆட்டுவாள். புது ஊரில் காலைநேரத்தில் தன்னைப் பெயர்சொல்லிக் கூப்பிட இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது தனியாக வந்தவளுக்குச் சின்ன விஷயமில்லை. அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து குளிக்கும்போது மட்டும் சோப்பை வழக்கத்தைவிட அதிக நேரம் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

சந்தியாகு வந்தது ஐப்பசியில். இரவு பஸ் பிடித்து விடியும்போது வந்து இறங்கி, விலாசத்தை விசாரித்து வீட்டுக்குப் போக, "அம்மிணி பார்க்குல ஓடிட்டிருக்குமுங்க" என்று ருக்மணியம்மாள் ஜன்னல் வழியாக, யாரென்றுகூடக் கேட்காமல் வழிசொல்லியிருக்கிறாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் ஒரு வயர் கூடை. டெல்சி குழுவோடு நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் நுழைவதற்கு முன்பே கூடையிலிருந்த நெத்திலிக் கருவாட்டின் வாடை நுழைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள்.

அவன் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் இடது கண்ணைத்தான் அவள் முதலில் பார்த்தாள், அது அவள் தொழில். வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து கடல்காரர்களின் கண்ணில் வளர்க்கிற சதை, மூக்குப் பக்கத்திலிருந்து செக்கச்செவேலென்று புறப்பட்டு, கருவிழியின் மேல் ஏறி, கண்பாப்பாவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. எதற்காக வந்திருக்கிறான் என்பது ஒரே பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே எடுத்தாக வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. அவ்வளவும் தெரிந்த பிறகுதான் கனகசபாபதி கேட்டார்.

"யாருங்கம்மிணி இது?"

"எங்க ஊர்க்காரர்," என்றாள் டெல்சி. "அப்பாவுக்குத் தெரிஞ்சவர்."

சந்தியாகுவின் சிரிப்பு ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு அதை அவன் கனகசபாபதியின் பக்கம் திருப்பினான்.

"ஆமாங்கய்யா. இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன். பெரியவருக்க மவ இங்கதான இருக்காவன்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு."

இருக்காவ என்றான். கைக்குழந்தையாகத் தூக்கித் திரிந்த தங்கச்சியை மரியாதை போட்டுச் சொன்னான். வயர் கூடையை அவளிடம் நீட்டினான், நீட்டியவன் அவள் கை வராததைப் பார்த்துவிட்டுக் கூடையைத் தன் காலோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.

"வீட்ல... அவங்க புழங்கமாட்டாங்க," என்றாள் டெல்சி.

"அதுக்கென்ன. நான் கொண்டு போயிருதேன்."

பஸ் ஸ்டாண்டுக்கு எந்த வண்டி போகும் என்று கனகசபாபதியிடம் கேட்டுக்கொண்டான். போகும்போது பாதையில் நிறைந்து கிடந்த தடங்களைப் பார்த்து நின்றான், குனிந்து ஒன்றில் கையை விட்டு அளைந்தான், அந்த ஈரக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தான். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. டெல்சி அந்த இடத்திலேயே நின்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம், அவளைவிட வேகமாக ஓடுகிறவர்கள் அந்தப் பூங்காவில் யாரும் இல்லை.

மறுநாள் தடங்களில் வாடை வந்தது.

முதலில் லேசாக, ஈரச் சாக்கு மாதிரி. பிறகு தண்ணீர் ஊறும்போதே பாசியும் மீன்செதிலும் சேர்ந்து ஊறின. ஒரு வாரத்தில் விசைப்படகு வந்து சரக்கு இறக்குகிற நேரத்துக் கரைபோலப் பூங்கா முழுதும் மணந்தது. அது காற்றோடு தெருவுக்குள் போய், கதவிடுக்கில் நுழைந்து, காயப்போட்ட துணியில் ஏறியது. மூட்டுவலிக்காரர்கள் வராமல் போனார்கள். ருக்மணியம்மாள் ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கொல்லையில் கொட்டினாள். தோட்டக்காரர் பிளீச்சிங் பவுடர் தூவினார், அதற்கு வாடை அடங்கவில்லை. தடம் ஊறுவதைப் பற்றி ஒருநாளும் கூட்டம் போட்டுப் பேசாதவர்கள் வாடையைப் பற்றி மூன்று கூட்டம் போட்டார்கள்.

"அந்தக் கருவாட்டுக்காரன் வந்துட்டுப் போன அன்னைலருந்துதானுங்க," என்றார் கனகசபாபதி. "கண்ணைப் பாத்தீங்களா, ரத்தமாட்டம் இருந்துது. குனிஞ்சு தண்ணியில கையை வெச்சான், நாம்பாத்தேன். அவன் கண்ணு பட்டுப்போச்சுங்க. ஏனுங்கம்மிணி, அப்படித்தானே?"

"இருக்கும்ங்க," என்றாள் டெல்சி.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அலைபேசியை எடுத்து அண்ணன் பெயரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவனே கூப்பிட்டுவிட்டான். காற்று மாறிவிட்டது, மீன்பாடு பரவாயில்லை, மதினிக்கு இடுப்புவலி, உனக்கு ஓட்டம் எப்படிப் போகுது என்று பேசினான். பூங்காவைப் பற்றிப் பேசவில்லை. "கண்ணு எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கும் தகுதி எப்போது தன்னைவிட்டுப் போனது என்று அவளுக்கே தெரிந்திருந்ததால், "மதினிய கேட்டதாச் சொல்லு" என்று முடித்துக்கொண்டாள்.

திருஷ்டி கழிப்பது என்று முடிவாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் பூங்காவில் கூடினார்கள். பெரிய பூசணிக்காயைக் குடைந்து குங்குமம் நிரப்பி, மேலே சூடம் வைத்து, தடங்கள் அவளுடையவை என்பதால் டெல்சியின் கையிலேயே கொடுத்தார்கள். கழிக்க வந்தவர், கண் வைத்தவனின் பெயரைச் சொல்லி உடைத்தால்தான் பலிக்கும் என்றார்.

"அந்தாளு பேரு என்னங்கம்மிணி?" என்று கேட்டாள் ருக்மணியம்மாள்.

சூடம் எரிந்துகொண்டிருந்தது. பூசணிக்காய் அவள் நினைத்ததைவிடக் கனத்தது.

"சந்தியாகு."

"அவங்கப்பன் பேரு?"

டெல்சி அவர்கள் எல்லோரையும் பார்த்தாள். காலையில் பெயர்சொல்லிக் கூப்பிடுகிற அத்தனை முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, அதில் ஒன்றில்கூட அவள்மேல் வெறுப்பு இல்லை.

"மிக்கேல்," என்றாள். "எங்கப்பா பேரும் அதான். அன்னைக்கு வந்தவர் எங்க அண்ணன். எங்கப்பா பிசினஸ் பண்ணலை, கட்டுமரத்துல மீன் பிடிச்சார். எங்கம்மா கருவாடு வித்தாங்க. நானும் மீன் சாப்பிடுறவதான்."

பூசணிக்காயை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுச் சூடத்தை ஊதி அணைத்தாள்.

யாரும் திட்டவில்லை, அவள் அதற்குத்தான் தயாராக இருந்தாள். கனகசபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுக்கென்னங்கம்மிணி, எல்லாரும் மனுசங்கதானே" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள், ஒவ்வொருவராகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், கலைந்துபோனார்கள். மறுநாளிலிருந்து அவளைப் பார்த்ததும் எல்லோரும் புன்னகைத்தார்கள், யாரும் நின்று பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் ருக்மணியம்மாள் மாடிப்படியில் பாதி ஏறிவந்து, கீழ்ப்படியைப் பார்த்தபடி, தன் தம்பி மகன் இங்கே வேலைக்கு வருவதாகவும் அவனுக்கு மாடி தேவைப்படுவதாகவும் சொன்னாள்.

"உங்க மேல ஒண்ணும் இல்லீங் அம்மிணி."

"தெரியும்ங்க," என்றாள் டெல்சி. "நான்தான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டு வந்தேன்."

ருக்மணியம்மாள் படியிறங்கிப் போனாள், காலிசெய்கிற அன்று ஒரு டம்ளர் காபி மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

உக்கடத்தில் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வீடு கிடைத்தது. பெரியகுளத்துக் கரையில் அவள் ஓடினாள், அங்கேயும் தடங்கள் நிறைந்தன, அங்கேயும் மணந்தன. மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் கூடையைத் தலையில் வைத்தபடியே தடங்களைத் தாண்டிப் போனார்கள், ஒருத்திகூடக் குனிந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு அது தெருவில் கிடக்கிற தண்ணீர்.

வீட்டை ஒழுங்குபடுத்தியதும் லீவு போட்டுவிட்டுச் சிலுவைக்கரைக்குப் போனாள். அண்ணன் கடலுக்குப் போயிருந்தான். மதினி முற்றத்தில் வலையைத் தட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"ஏ டெல்சி, அன்னைக்கு ஒங்க அண்ணன் வந்தப்ப நல்லாக் கவனிச்சியாமே. வந்து ஒரே பெருமை. தங்கச்சி வீட்ல சோறு, தங்கச்சி கூட வேல பாக்க டாக்டருமாரு எல்லாரும் எழும்பி நின்னாவன்னு. கருவாட்டப் பாத்ததும் புடுங்கிட்டு உள்ள ஓடிட்டியாம்."

டெல்சி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணு?" என்றாள்.

"அதான் நீயே பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டியாமே. நாந்தான் பயந்து கெடந்தேன். இப்ப மங்கலாத் தெரியுது, இடதுபக்கம் திரும்பித் திரும்பிப் பாக்காவ, கேட்டா, தங்கச்சி சொன்ன பிறவு ஒனக்கு என்னட்டி சந்தேகம்னு சத்தம் போடுதாவ."

சாயங்காலம் படகு வந்தது. அண்ணன் இறங்கும்போது படகின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்து இறங்குவதை டெல்சி கரையில் நின்று பார்த்தாள். முன்பெல்லாம் அவன் அதைப் பார்க்காமலேயே குதிப்பவன். அவளைக் கண்டதும், கண்டுகொள்ளக் கொஞ்சம் பிந்தியது, முகம் மலர்ந்தான்.

"ஏட்டி, எப்ப வந்த?"

"நாளைக்கு என்கூட வாண்ணே. கண்ணக் காட்டணும்."

"அது கெடக்கு. ஒனக்கு அங்க ஆயிரம் சோலி."

"வாண்ணே."

அவன் மணலைக் காலால் கோதிக்கொண்டு நின்றான். "அங்க ஒனக்குச் சங்கடமா இருக்காதா பிள்ள?" என்றான். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவள் அவன் கையிலிருந்த மீன்பெட்டியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கோயம்புத்தூர் வரைக்கும் அவன் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து எதையோ மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறவன்போல உதட்டை அசைத்துக்கொண்டு வந்தான். மருத்துவமனையில் டாக்டர் மைதிலி அவனைக் கருவிக்கு முன்னால் உட்காரவைத்து, தாடையைத் தாங்கியில் பதிக்கச் சொல்லி, வெளிச்சத்தை இடது கண்ணில் பாய்ச்சினார். டெல்சி வேலை பார்க்கிற இடம் அது, கூட வேலை செய்கிற இரண்டு பெண்களும் அறையில் இருந்தார்கள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"சதையை எடுத்துடலாம். ஆனா பாப்பாவை மூடிடுச்சு. எடுத்தாலும் தழும்பு நிக்கும். இந்தக் கண்ணுல பழைய பார்வை வராதுங்க, பாதி வந்தா பெரிசு. சில மாசம் முன்னாடி வந்திருந்தா எதுவும் ஆகியிருக்காது." பிறகு கேட்டார், "கூட யார் வந்திருக்காங்க?"

டெல்சி வாயைத் திறப்பதற்குள் சந்தியாகு முந்திக்கொண்டான்.

"எங்க ஊர்ப் பிள்ள டாக்டரம்மா. தெரிஞ்சவுக. பாவம், லீவு போட்டுக் கூட்டியாந்திருக்காவ."

தாடை தாங்கியில் இருந்ததால் வார்த்தைகள் அமுங்கி வந்தன, ஆனாலும் ஒரு இடறலும் இல்லாமல் வந்தன. வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டு வந்தது இதைத்தான் என்று டெல்சிக்குப் புரிந்தது. அவள் வேலை பார்க்கிற இடத்தில் அவளுக்கு ஒரு குறையும் வந்துவிடக்கூடாது என்று, அவள் சொன்ன பொய்யை அவளுக்காக அவன் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான்.

"அண்ணன், டாக்டர்," என்றாள். திரும்பவும் சொன்னாள். "என்கூடப் பிறந்த அண்ணன்."

டாக்டர் மைதிலி கருவியிலிருந்து முகத்தை எடுத்தார்.

"உன் அண்ணனா? கண் ஆஸ்பத்திரியிலேயே இருக்கே டெல்சி. இது இவ்வளவு தூரம் வளர்ற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே?"

"அவ அப்பவே வரச்சொன்னா டாக்டரம்மா," என்றான் சந்தியாகு, தலையைத் திருப்ப முடியாமல் விளக்கைப் பார்த்தபடி. "நாந்தான் வரல."

"இல்லை டாக்டர்," என்றாள் டெல்சி. "அவர் வந்தார். நான் நின்னுட்டிருந்த இடத்துக்கே வந்தார்."

"விடு பிள்ள."

அவள் விடவில்லை. கூட வேலை செய்கிற பெண்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டுக் கேட்க, அன்று காலையில் பூங்காவில் யார் யார் நின்றார்கள், அண்ணன் என்ன சட்டை போட்டிருந்தான், கனகசபாபதி கேட்டதற்குத் தான் என்ன பதில் சொன்னோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.